பூட்டின வீட்டுக்குக் காவல்

ஒரே மாசத்தில் தெருவில் மூன்று வீடுகளில் பூட்டை உடைத்துத் திருடிவிட்டார்கள். அதிலிருந்து, வெளியூர் போகிறவர்கள் ஸ்டேஷனில் சொல்லிவிட்டால் போலீஸே வந்து கூடத்தில் கேமரா வைத்துவிட்டுப் போனது. கன்னிகாவும் அப்படிச் சொல்லி வைத்துவிட்டு, புருஷன் ஆதிகேசவனோடு புத்தூரிலிருந்து சந்திரகிரிக்குக் கல்யாணத்துக்குப் போனாள்.

பந்தியில் உட்கார்ந்தபோது கான்ஸ்டபிளின் போன் வந்தது.

"பூட்டுன வீடுன்னு சொன்னீங்க. உள்ள ஒரு அம்மா துணி மடிச்சிக்கினு கீறாங்களே?"

கூடவே படமும் அனுப்பினார். முதுகும் நீளமான பின்னலும்தான் தெரிந்தன.

விழுந்தடித்துக்கொண்டு திரும்பினார்கள். பூட்டு போட்டபடியே தொங்கியது. ஒரு பொருளும் போகவில்லை. கன்னிகா நாற்காலியில் குவித்துவிட்டுப் போன துணிகள் மட்டும் ஓரம் பிசகாமல் மடித்து அடுக்கியிருந்தன.

ஆதிகேசவன் தன் சட்டையை எடுத்துத் தடவினான். "எவ்ளோ அழகா மடிச்சிகீறா பாரு" என்றான்.

பதினோரு வருஷத்தில் கன்னிகா செய்த ஒரு வேலையைப் பற்றியும் அவன் இப்படிச் சொன்னதில்லை. அவளுக்கு வயிறு பற்றி எரிந்தது.

அடுத்த வாரம் அவனே ஸ்டேஷனுக்குப் போய்ச் சொல்லிவிட்டு வந்தான். "கெளம்பு, திருப்பதி போய்ட்டு வரலாம்."

காலையில் அவன் இரண்டு முழம் மல்லி வாங்கி வந்ததைப் பார்த்தவள், தலை பின்னிக்கொண்டு காத்திருந்தாள். பஸ்ஸில் ஏறியும் அவன் தரவில்லை.

"பூ எங்கங்க?"

"வீட்லயே மறந்துட்டேன்."

திருப்பதியில் இறங்கியதும் போன் வந்தது. படத்தில் அதே முதுகு, அதே பின்னல். பின்னலில் இரண்டு முழம் மல்லி.