நேரான வெட்டு

விலைக்கு வாங்காத விளையாட்டுகளும் ஓடும்படி யாரோ உள்ளே கைவைத்த கேம் பெட்டி அது என்று கண்டதுமே, பழுதுபார்க்கும் மெக்கானிக் ஞானப்பிரகாசத்தின் உதடு கோணிக்கொண்டது. “யாரு சார் இந்தக் கொத்தனார்?”

“என் மச்சினன்தாங்க,” என்றார் வேலுமயில். “அவன் கைவச்சதிலேருந்து நெட்வொர்க் போர்ட் செத்துக் கிடக்கு. ‘நெட்டை மறந்துடுங்க அத்தான்’னு சொல்லிட்டான். வெளிநாட்டுல இருக்கிற என் பொண்ணு நெட் வழியா எங்கூட இதுல விளையாடும்போதுதான் எங்கிட்ட நாலு வார்த்தை பேசுவா.”

“வேலை தெரியாதவன் வேறென்ன சொல்வான்?”

உருப்பெருக்கியின் கீழே, சர்க்யூட் பலகையில் நெட்வொர்க் போர்ட்டுக்குச் செல்லும் செம்புத் தடம் அறுபட்டிருந்தது. அளவுகோல் வைத்து இழுத்தாற்போன்ற நேரான வெட்டு.

“கத்தியை நழுவ விட்டிருக்கான், மடையன்!” ஞானப்பிரகாசம் சிரித்துக்கொண்டே மயிரிழைக் கம்பியால் முனைகளைப் பற்றவைத்தார். கேபிளைச் சொருகியதும் பச்சை விளக்கு துடித்தது. திரையில் மகளின் பெயர் எழுந்தது.

“வந்துட்டா!” வேலுமயில் கைதட்டினார்.

கைதட்டல் ஓய்வதற்குள் பெயர் மறைந்தது. மாற்றம் செய்யப்பட்ட கருவி என்பதால் இணைய விளையாட்டிலிருந்து இது நிரந்தரமாக விலக்கப்படுகிறது என்று கேம் நிறுவனத்தின் அறிவிப்பு வந்து நின்றது.

வேலுமயில் அதை இருமுறை படித்தார். “மறுபடியும் அதே இடத்துல வெட்டிட்டா சரியாயிடுமா சார்?”

ஞானப்பிரகாசம் மறுபடி உருப்பெருக்கியில் குனிந்து, தான் ஒட்டவைத்த வெட்டைப் பார்த்தார்; நழுவிய கத்தி இவ்வளவு நேராகப் போயிருக்காது.