சிலுவைராயர் வீட்டுக் கிணறு

கடல் ஏறி ஊர்க் கிணறுகள் உப்பானபின், கழிவுநீரையே சுத்திகரித்து வீட்டுக்கு வீடு குடிக்கக் கொடுத்தார்கள். "சாக்கடையக் குடிச்சா நான் எங்கப்பனுக்குப் பொறக்கல" என்று கோயில் முற்றத்தில் சபதம் செய்த சிலுவைராயர் மட்டும் முப்பாட்டன் வெட்டிய கிணற்றை விடவில்லை. அது இனித்துக்கொண்டே இருந்தது.

மகளைப் பெண் பார்க்க அயலூரிலிருந்து வந்தவர்களுக்குக் கொடுக்க வாளியை இறக்கினார். வாளி சேற்றில் இடித்தது. பக்கச் சுவரில் ஒரு குழாய்வாய் தெரிந்தது.

"சுத்திகரிப்பு நிலையத்துல இன்னைக்கு மராமத்து, தண்ணி வரல," என்றாள் மனைவி பிரகாசி, தலை குனிந்து. "நம்ம கெணறு செத்துப் பல வருசமாச்சு. உங்க சபதத்துக்காவத்தான் குழாய உள்ள விட்டேன்."

"ஆருக்கெல்லாம் தெரியும்?"

"உங்களத் தவிர ஊருக்கே."

குடத்தில் மீந்திருந்ததை மொண்டு விருந்தினரிடம் நீட்டினார்.

"எங்க கெணத்துத் தண்ணி. குடிங்க."

தமக்கு ஊற்றிக்கொள்ளவில்லை.