மயானத்தில் சோதனை ஓட்டம்

டிரம்மில் ஒன்றும் இருக்கக் கூடாது.

அவள் குனிந்து பார்த்தாள்.

ஒரு கைப்பிடி சாம்பல் இருந்தது. விபூதியைவிட நைசாக.

புதுப்பித்த நகராட்சி எரிமேடையை இன்னும் பற்றவைக்கவில்லை. உலையில் பிணமில்லை, நெருப்பில்லை. வெறும் காற்றை ஓட்டிப் பார்க்கிறார்கள், அவ்வளவுதான்.

புகையைச் சுழற்றித் தூசியைக் கீழே டிரம்முக்குள் தள்ளும் அந்த இரும்புக் கூம்பு அவள் வரைந்தது. பழைய கூம்பு தண்டம். நைசான சாம்பலையெல்லாம் புகைபோக்கி வழியே ஊருக்குள் விட்டுவிடும். மொட்டைமாடியில் துணி காயப்போட முடியாதவர்கள் மனுக் கொடுத்தார்கள். மனு நாலு வருஷம் தூங்கியது. அவள் வந்து நடுக்குழாயை நீட்டினாள். காற்று நுழையும் வாயைக் குறுக்கினாள். அடியில் கசிந்த இடத்தை அடைத்தாள். இனி ஒரு பொட்டுகூட வெளியே போகாது.

"குழாயெல்லாம் நேத்துதான் கழுவுனேன் மேடம். உள்ள ஒண்ணுமே கெடையாது," என்றார் எரிமேடை ஊழியர் சின்னையன்.

டிரம்மைத் துடைத்துவிட்டு மறுபடி ஓட்டினார்கள்.

இரண்டு கைப்பிடி.

அவளுக்குப் பயமாக இருந்தது. வெளியே ஒரு மரமும் அசையவில்லை. ஆனால் எதிர்வீட்டு மாடியிலிருந்தும் வேப்பிலைகளின் மேலிருந்தும் வெளிறிய சாம்பல் இழை ஒன்று திறந்திருந்த உலைக்கதவை நோக்கி வந்துகொண்டிருந்தது. அவசரமில்லாமல். வழி தெரிந்த மாதிரி.

சித்திரையில், பழைய கூம்பு இருந்தபோது, அண்ணனை இங்கேதான் எரித்தார்கள்.

அன்றைக்கு அவள் எங்கேயோ ஒரு சிமெண்ட் ஆலையில் இதே போலொரு கூம்பை மாட்டிக்கொண்டிருந்தாள். வந்து சேர்வதற்குள் எல்லாவற்றையும் கடலில் கரைத்துவிட்டார்கள். முகமும் பார்க்கவில்லை, எலும்பும் தொடவில்லை. அந்த ஆற்றாமையில்தான் இந்த வேலையைக் கேட்டு வாங்கினாள். யாரிடமும் சொல்லவில்லை.

வருவது அண்ணன் மட்டும்தானா, இங்கே எரிந்த எல்லோருமா என்று அவளுக்குத் தெரியவில்லை.

வாசலில் சங்கு ஊதினார்கள். புது மேடைக்கு முதல் பாடை வந்துவிட்டது. அதை உள்ளே விட்டால் எல்லாம் கலந்துவிடும்.

அவள் கை சுவிட்சின் மேல் இருந்தது. அணைக்கவில்லை. அழுதுகொண்டிருந்தாள்.

சின்னையன் டிரம்மைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். இருபது வருஷமாக இந்த மாதிரி முகங்களைப் பார்க்கிறவர்.

மூலையிலிருந்து புதுப்பானை ஒன்றை எடுத்து அவள் பக்கத்தில் வைத்தார். பிறகு வாசலுக்குப் போய்க் கதவைப் பாதி சாத்தினார்.

"கொஞ்சம் பொறுங்க. உள்ள ஒருத்தர் இருக்காரு."