பக்கத்து வீட்டு ஜெபம்

பேச்சி மூச்சைக்கூட மெதுவாக விட்டாள்.

சுவருக்கு அந்தப் பக்கம், ரூபியின் வீட்டில் மாலை ஜெபம் தொடங்கிவிட்டது.

பிறக்கப்போகும் பிள்ளையைச் சுற்றி வாங்கப் பழைய வேட்டி வேண்டுமென்றுதான் ஆஸ்பத்திரியிலிருந்து ஓடி வந்தாள். எடுத்து மடித்தும் ஆயிற்று. வாசலில் புருஷன் வண்டியில் உட்கார்ந்தபடி ஹாரன் அடித்துக்கொண்டிருக்கிறார்.

அடிக்கட்டும்.

உள்ளதைச் சொன்னால், வேட்டி ஒரு சாக்கு.

மகள் செண்பகத்துக்கு மத்தியானம் வலி கண்டது. பிரஷர் ஏறியிருக்கிறது, பார்க்கலாம் என்றாள் டாக்டர். முகத்தைப் பார்த்துச் சொல்லவில்லை.

ரூபியின் ஜெபம் அந்த வளவின் எல்லா வீட்டுக்கும் சேர்த்துத்தான். கேட்டை ஒட்டிய வீட்டில் தொடங்கி வரிசையாக வரும். சாமி வேறானாலும் வீடு விடுபடாது. செண்பகம் முழுகாமல் இருக்கிறாள் என்று தெரிந்த நாளிலிருந்து அவள் பெயரும் அதில் உண்டு. அதைக் காதால் கேட்ட பிறகுதான் இவள் சுடலைமாடன் படத்துக்கு விளக்கேற்றுவாள்.

யாரிடமும் சொன்னதில்லை.

இன்று காலை குழாயடியில் வாய் தடித்துவிட்டது. யார் குடம் முதலில் என்கிற வழக்கமான சண்டைதான். ஆனால், "ஜெபம் பண்ணுத வாயா இது?" என்று கேட்டுவிட்டாள்.

ரூபி குடத்தைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள். திருப்பி நாலு வார்த்தை ஏசியிருந்தால் தேவலை.

ஜெபத்தில் முதல் வீட்டுப் பெரியவரின் சர்க்கரை வியாதி வந்தது.

அடுத்து, வெளிநாடு போனவனின் வேலை.

டீச்சர் வீட்டு டிரான்ஸ்பர்.

இனி இந்த வீடு.

குரல் நின்றது.

பிறகு கடைசி வீட்டுக் குழந்தையின் காய்ச்சலுக்குப் போய்விட்டது.

பேசியது தன் வாய். தண்டனை பிள்ளைக்கா? சுவரைத் தட்டி மன்னிப்புக் கேட்டுவிடலாமா என்றுகூட நினைத்தாள். கை எழவில்லை. பாழாய்ப்போன ரோஷம்.

அந்தப் பக்கம் யாரோ மூக்கை உறிஞ்சினார்கள்.

"ஆண்டவரே, பேச்சி மேல எனக்குக் கோவம் தீரல. அவகிட்ட நான் பேசவும் மாட்டேன். அது தனி. அந்தப் புள்ள செண்பகம் வலியில கெடக்கா. தாய் வேற பிள்ள வேறயா, சொகமா ஆக்கித் தாரும்."

"ஆமென்," என்றாள் பேச்சி.

வாய்விட்டே சொல்லிவிட்டாள்.

இவள் முந்தானையை வாயில் வைத்து அமுக்கிக்கொண்டாள். ஒளிந்துகொள்ள இனி என்ன இருக்கிறது?

அந்தப் பக்கம் பாயிலிருந்து யாரோ எழுந்து வரும் சத்தம் கேட்டது.

ரூபி மறுபடி ஆரம்பித்தாள். செண்பகத்தின் பெயரிலிருந்து. ஒவ்வொரு வார்த்தையாக, நிறுத்தி நிறுத்தி.

குரல் இப்போது சுவரை ஒட்டி வந்தது.