பதினாலாம் பிரிவில் ஓர் ஒற்று

"இதிலை ஒரு 'க்' விடுபட்டுப் போச்சு," என்று கஸ்பர் சங்கத்தின் விதிப் புத்தகமான யாப்பில் பதினாலாம் பிரிவின் மேல் விரலை வைத்தார். செயலாளர் மரியமலர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு குனிந்து பார்த்தார்.

'பெரும்பான்மையினர் கேட்டுக்கொண்டால் தலைவர் விலக வேண்டும்' என்றிருந்தது.

"'விலக்க' எண்டெல்லோ வரவேணும்," என்றார் கஸ்பர். பதினொரு வருடமாக அவர்தான் தலைவர்.

ஒரே ஒரு 'க்'தான். அது வந்து உட்கார்ந்துவிட்டால் விலக வேண்டியவர் தலைவர் இல்லை. போகச் சொல்லிக் கேட்டவர்களைத் தலைவர் விலக்கிவிடலாம்.

மரியமலர் யாழ்ப்பாணத்தில் ஓர் அச்சகத்தில் பன்னிரண்டு வருடம் பிழை திருத்தியவர். லண்டனில் அந்தக் கண்ணுக்கு வேலை கிடைக்கவில்லை. இருபது வருடம் பள்ளிக்கூடச் சமையலறையில் உருளைக்கிழங்கு மசித்துவிட்டு ஓய்வு பெற்றிருந்தார்.

"இலக்கணம் கொஞ்சம் இடிக்குது அண்ணை," என்றார்.

"இடிக்கிற இடத்தை நீங்களே பார்த்துச் சரிக்கட்டுங்கோ. அதுக்குத்தானே உங்களைப் பிடிச்சனான். மொத்தம் ஐம்பத்தேழு திருத்தம். கமா, புள்ளி, ஃபாக்ஸ் எண்டதை ஈமெயில் எண்டு மாத்துறது. அதுக்கை இதையும் ஒண்டாய்ப் போட்டுவிடுங்கோ."

"சனம் கேக்காதோ?"

"பார்லிமென்டிலையே சட்டத்திலை உள்ள எழுத்துப்பிழை திருத்த இன்னொரு சட்டம் கொண்டுவருவினம். அதை ஆர் வாசிக்கினம்?"

மரியமலர் தலையாட்டிவிட்டுக் கணினியைத் திறந்தார்.

திடீரென்று இந்தத் திருத்தம் வந்ததற்குக் காரணம் மிதுலன் என்ற உறுப்பினன். மனோர் பார்க் மண்டபத்தில் புதன்கிழமைதோறும் நடந்த முதியோர் மதியச் சந்திப்பைக் கஸ்பர் நிறுத்தி, அந்த அறையைத் தன் அலுவலகமாக்கியிருந்தார். சுழல் நாற்காலி ஒன்று, தன் படங்கள் ஒன்பது.

அங்கே வந்துகொண்டிருந்த நாற்பது பேரில் எண்பத்துநாலு வயது இசபெல்லும் ஒருத்தி. இப்போது மகள் ஷிப்ட் முடிந்து வரும்வரை நூலகத்து ஹீட்டருக்குப் பக்கத்தில் இருக்கிறாள். பஸ் ஓட்டும் மிதுலன் அவளை அங்கே கண்ட அன்றுதான் தலைவரைப் போகச் சொல்லிக் கையெழுத்துச் சேர்க்கத் தொடங்கினான்.

திருத்தங்களை நிறைவேற்றும் கூட்டத்துக்கு முதல் நாள் அவன் மரியமலருக்குப் போன் எடுத்தான்.

"அன்ரி, பதினாலிலை கை வைக்கினமாம். உண்மையோ?"

"ஓம். விலக எண்டதை விலக்க எண்டு மாத்துறம்."

"அதை ரைப் பண்ணினது ஆர்?"

"நான்தான்."

"நீங்களுமோ அன்ரி," என்று சொல்லி அவன் போனை வைத்தான்.

ஞாயிற்றுக்கிழமை மண்டபத்தில் உறுப்பினர் எண்பத்துமூன்று பேரும் இருந்தார்கள். மிதுலன் மரியமலரின் முகத்தைப் பார்க்கவில்லை. பின்பக்கத்து மேசையில் மட்டன் றோல்ஸ் சூடாக இருந்தது. எல்லாத் தலையும் அந்தப் பக்கம்தான்.

மரியமலர் ஒலிவாங்கியைப் பிடித்து ஒவ்வொன்றாக வாசித்தார். பதினைந்தாவது திருத்தத்தில் ஒருவர் கொட்டாவி விட்டார். இருபதாவதில் மூன்று பேர் தூங்கிவிட்டார்கள்.

"முப்பத்தொண்டு. பதினாலாம் பிரிவு. விடுபட்ட ஒற்று ஒண்டும் உருபு ஒண்டும் சேர்க்கப்படுது."

கஸ்பர் அப்போது மேடையில் இருந்தபடியே றோல்ஸை எண்ணிக்கொண்டிருந்தார். மிதுலன் எழும்பினான்.

"இதைப் பற்றிக் கதைக்கவேணும்."

"எழுத்துப்பிழைக்கும் விவாதமோ தம்பி?" என்றார் கஸ்பர். சபை சிரித்தது. "ஆறப்போகுது, கெதியா முடியுங்கோ," என்றது பின்வரிசை.

ஐம்பத்தேழும் ஒரே வாக்கெடுப்பில் நிறைவேறின. எதிர்த்துத் தூக்கிய கை ஒன்றுதான், அது மிதுலனுடையது.

அவன் சளைக்கவில்லை. நேரே மேடைக்குப் போய்க் கடிதத்தைக் கொடுத்தான். "ஐம்பத்தொரு பேர் ஒப்பம் வைச்சிருக்கினம். நீங்கள் போகவேணும்."

கஸ்பர் அதை வாங்கி ஒவ்வொரு பெயராக நிதானமாகப் பார்த்தார். இசபெல்லின் நடுங்கிய கையெழுத்தில் ஒரு நொடி நின்று புன்னகைத்தார்.

"நல்லது. ஐம்பத்தொண்டு பெரும்பான்மைதான், ஒத்துக்கொள்ளுறன். எல்லாம் யாப்பின்படியே நடக்கட்டும். இப்ப நீங்கள் எல்லாரும் சேர்ந்து நிறைவேற்றின யாப்பு."

மிதுலன் கண்ணை மூடிக்கொண்டான். இசபெல் ஒன்றும் விளங்காமல் பக்கத்தில் இருந்தவளின் கையைப் பிடித்தாள்.

கஸ்பர் மரியமலரிடம் கையை நீட்டினார். அவர் திருத்திய பிரதியில் பதினாலாம் பிரிவை எடுத்து, மரியாதையாக இரண்டு கையாலும் கொடுத்தார். கஸ்பர் தொண்டையைச் செருமிக்கொண்டு, கடைசி வரிசைக்கும் கேட்கும்படி வாசித்தார்.

"பெரும்பான்மையினர் கேட்டுக்கொண்டால்... தலைவரை..."

நிறுத்தினார். தாளைக் கண்ணுக்குக் கிட்டப் பிடித்தார். பிறகு எட்டப் பிடித்தார்.

"மிச்சத்தையும் வாசியுங்கோ," என்று யாரோ சொன்னார்கள். றோல்ஸ் பக்கம் திரும்பியிருந்த தலைகள் இப்போது மேடையைப் பார்த்தன.

"...விலக்க வேண்டும்," என்றார் கஸ்பர், தனக்கே கேட்காத குரலில். மரியமலர் பக்கம் குனிந்தார். "என்ன இது? நான் 'க்' மட்டுமெல்லோ போடச் சொன்னனான்?"

மரியமலர் கண்ணாடியைக் கழற்றி மடித்து வைத்தார். ஒலிவாங்கி அவர் பக்கம்தான் இருந்தது.

"விலகுறியளோ அண்ணை, விலக்கட்டோ?"