வலது சிலிண்டர்

ஒரே மிதிதான். வண்டி பிடித்துக்கொண்டது.

பட்டறைக்காரர் கைகளைக் கட்டியபடி தலையை ஒரு பக்கமாகச் சாய்த்துக் கேட்டார். முப்பது வருடமாக இன்ஜின்களோடு குடித்தனம் நடத்துகிறவர். யாருடைய வண்டி எங்கே மக்கர் பண்ணினாலும் கடைசியில் அவர் வாசலில்தான் வந்து நிற்கும்.

அவரை எங்கள் வீட்டுத் தகரக் கொட்டகைக்கு வரவழைக்க நான் நாலு மாதம் நடையாய் நடந்திருந்தேன்.

கொட்டகை என் தங்கையுடையது. துணி துவைக்கும் மெஷினையும் உடைந்த கட்டிலையும் வெளியே தள்ளிவிட்டு அவள் பிடித்துக்கொண்ட இடம். அங்கேதான் பதினான்கு மாதமாக இந்த வண்டி உருவானது.

மூன்று நொறுங்கிய வண்டிகளிலிருந்து எடுத்த பாகங்கள். ஃபிரேம் அவளே குழாய் வளைத்து வெல்டிங் வைத்தது. டேங்க், தகட்டை மணல் மூட்டையில் வைத்துத் தட்டித் தட்டி உருட்டியது. சீட் மட்டும் என் கைவேலை. கார் சீட்டுக்கு உறை தைப்பது என் தொழில். அதையே இரண்டு தடவை பிரிக்க வைத்தாள்.

பட்டறைக்காரர் வண்டியைச் சுற்றி வந்தார். வெல்டிங் வரிகளைக் கட்டைவிரலால் தடவிப் பார்த்தார். எல்லாக் கேள்விகளையும் அவளிடம் போட்டார். எல்லாவற்றுக்கும் நானே பதில் சொன்னேன்.

"உங்க தங்கச்சி வாயே திறக்க மாட்டாங்களா?"

"வேலைன்னு வந்துட்டா அவ யார்கிட்டயும் பேச மாட்டா சார்."

பொய்யில்லை.

"நல்லா ஓடுது. சுத்தமா இருக்கு," என்றார் அவர்.

எனக்கு வயிற்றில் பால் வார்த்தது போலிருந்தது. அவர் பட்டறையில் ஓர் ஆளுக்கு இடம் இருந்தது. இன்னும் ஒரு வார்த்தைதான் பாக்கி.

தங்கையின் புருவம் சுருங்கியது.

டேங்க்கின் மேல் உள்ளங்கையை வைத்தாள். பிறகு நீளமான ஸ்க்ரூடிரைவரை எடுத்து, அதன் முனையை வலது சிலிண்டரின் தலையில் ஊன்றி, கைப்பிடியைத் தன் தாடையெலும்பில் அழுத்திக்கொண்டாள்.

"சத்தம் கேக்க இதைக் காதுல வெச்சுப் பாத்திருக்கேன். இது புதுசா இருக்கு," என்று பட்டறைக்காரர் என்னிடம் சிரித்தார்.

அவள் இன்ஜினை அணைத்தாள். ஒரு விரலை உயர்த்தி, பொறுங்கள் என்று காட்டினாள்.

கூடி வருகிற நேரத்தில் குட்டையைக் குழப்புகிறாளே என்று எனக்கு ஆத்திரமாக வந்தது. பெரிய மனிதர் நன்றாக இருக்கிறது என்று சொன்ன பிறகு இவளுக்கு என்ன கேடு?

சூட்டுக்குத் துணியைப் பிடித்துக்கொண்டு மூடியைக் கழற்றினாள். உள்ளே வால்வின் இடைவெளி மாறாமல் பிடித்து வைக்கும் சின்ன நட்டில் ஸ்பானரை வைத்தாள். அது வெண்ணெயில் திரும்புவது போலத் திரும்பியது.

நகர்ந்து வழிவிட்டாள்.

பட்டறைக்காரர் குனிந்து தானும் ஒரு முறை திருப்பிப் பார்த்தார். நட்டு தளர்ந்துதான் இருந்தது. அப்படியே ஓட்டியிருந்தால் பத்து நாளில் உள்ளே ஏதாவது உடைந்திருக்கும். அது அவருக்கு நாங்கள் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

நிமிர்ந்து மறுபடி கைகளைக் கட்டிக்கொண்டபோது அவர் முகத்தில் சிரிப்பு இல்லை. அதைவிட நல்லது ஏதோ இருந்தது.

தங்கை அதற்குள் நட்டை இறுக்கத் தொடங்கியிருந்தாள். அவர் அவளுடைய முதுகைப் பார்த்துச் சொன்னார்: "திங்கட்கிழமை பட்டறைக்கு வந்துடும்மா."

அவள் திரும்பவில்லை.

இன்னும் சத்தமாகச் சொன்னார். அவள் திரும்பவில்லை.

நான் போய் அவள் தோளைத் தொட்டேன். அவள் முகம் என் பக்கம் வந்ததும், அவர் சொன்னதைக் கைகளால் சொன்னேன்.

கட்டியிருந்த அவருடைய கைகள் தாமாக இறங்கின.

இதற்கு முன் மூன்று பட்டறைகளில் இதைத்தான் முதலில் சொன்னோம். ஒருவர்கூட அவள் வேலையைப் பார்க்கவில்லை. இந்தத் தடவை அவளே முடிவு பண்ணினாள்: முதலில் வண்டி பேசட்டும், அப்புறம் நாம் பேசலாம்.

"பொறந்ததிலேருந்தே காது கேக்காது சார்," என்றேன். "நீங்க கேக்கல. நாங்க சொல்லல."

அவர் வண்டியைச் சுற்றி நடந்து, அவளுக்கு நேர் எதிரே வந்து, அவள் கண்ணைப் பார்த்து, உதடுகளை நிதானமாக அசைத்துக் கேட்டார்.

"திங்கட்கிழமை?"

தங்கை கையைத் துடைத்துக்கொண்டு விரல்களால் என்னென்னவோ சொன்னாள். கொஞ்சம் நீளமாகவே.

"என்ன சொல்றாங்க?"

"வர்றாளாம் சார். ஆனா நீங்க இப்ப உங்க பைக்ல திரும்பிப் போகக் கூடாதாம். வந்து நிறுத்துனப்ப இந்தத் தகரம் அதிர்ந்த விதமே சரியில்லையாம். உள்ள தள்ளிட்டு வரச் சொல்றா."

அவர் சட்டைப் பையில் கையை விட்டு, சாவியை எடுத்து, அவளிடம் நீட்டினார்.