அசையாத கோடு

ஒலிபெருக்கியில் மூன்றாவது முறையாகச் சொன்னார்கள். உள்ளே உயிரோடு யாராவது இருந்தால், மூன்று முறை தட்டுங்கள்.

ஜெனரேட்டரை அணைத்தார்கள். தெருவே மூச்சைப் பிடித்துக்கொண்டது.

வாங்கெலிஸின் லேசர் கருவி முக்காலியில் நின்றது. அதன் சிவப்புப் புள்ளி, நிலநடுக்கத்தில் சரிந்த வீட்டின் தளத்தில், பச்சைப் பூ போட்ட டைல்ஸ் மேல் விழுந்திருந்தது. தளம் மயிரிழை அசைந்தாலும் திரையில் கோடு துள்ளும்.

கோடு தாறுமாறாகத் துள்ளியது.

அவன் நம்பவில்லை. கருவியே ஆடினாலும் அளவு பிழையாகும். அதற்காக அதன் முதுகில் ஒரு சின்ன உணரி உண்டு. கருவியின் ஆட்டத்தை அளந்து கணக்கைத் திருத்தும். திருத்தத்தை நிறுத்திப் பார்த்தான். கோடு தட்டையானது. மறுபடி போட்டான். துள்ளியது.

அப்படியென்றால் துள்ளலைச் சொல்வது லேசரல்ல, உணரி. யாரோ பக்கத்தில் ஆடி அதைக் குழப்புகிறார்கள்.

"எவன்டா அங்க ஆடுறது? செல மாதிரி நில்லுங்க!"

யாரும் அசையவில்லை. துள்ளலும் நிற்கவில்லை.

"உன் பெட்டி வாயத் தொறக்குமா, மாட்டாதா?" கிரேன் ஓட்டும் ஸ்டெலியோஸ் கேட்டான். "கீழ்த்தெருவுல ரெண்டு பேரு கத்துறது காதுலயே கேக்குது."

ஊருக்கு ஒரே கிரேன்.

அர்யிரோ வாங்கெலிஸின் பக்கத்தில் நின்றாள். அவள் கணவன் தெமிஸ் உள்ளே இருந்தான். "சும்மா கெடக்குற ஆளில்ல தம்பி. பந்தாட்டம் பாத்தாலே சுவத்த இடிக்கிற மனுசன். தட்டுவாரு."

உணரிதான் கெட்டுவிட்டது என்று வாங்கெலிஸ் திருத்தத்தை நிறுத்தினான். தட்டையான கோட்டை நம்பினான்.

"யாரும் இல்லக்கா."

அவள் அழவில்லை. "நீ என்ன பண்ணுவ" என்று அவன் தோளைத் தொட்டாள். கிரேன் கிளம்பியபோது மணி நாலு.

கீழ்த்தெருவில் இரண்டு பேரையும் உயிரோடு எடுத்தார்கள். தூக்கக் கை கொடுத்துவிட்டு, ஆறு மணிக்கு அவன் கருவியைக் கட்டிவைக்கத் திரும்பினான். அது அணையாமல் நின்றிருந்தது.

முக்காலியின் இரண்டு கால்களை மடக்கினான். மூன்றாவது சிமெண்டுத் தூளில் புதைந்திருந்தது. பிடுங்கினான். தூள் விலகியது.

பச்சைப் பூ.

குந்தி உட்கார்ந்து கையால் துடைத்தான். சாலை என்று நினைத்து அவன் கருவியை வைத்தது, தெருவுக்குள் நீண்டு விழுந்திருந்த அதே தளத்தின் முனை. உடையாமல், ஒரே பலகையாக, இடிபாட்டுக்குள் போயிற்று.

வீடும் கருவியும் சேர்ந்தே ஆடியிருக்கின்றன. சேர்ந்து ஆடும் இரண்டுக்கும் நடுவே தூரம் மாறாது. லேசருக்குத் தெரிந்தது அந்தத் தூரம் மட்டும்தான். ஆட்டத்தைச் சொன்னது உணரி.

உணரியின் பதிவைத் திறந்தான். பின்னதிர்வுகளை வடிகட்டி எடுத்ததும் மிச்சம் தெளிவாகத் தெரிந்தது.

மூன்று. இடைவெளி. மூன்று. இடைவெளி. மூன்று.

நாலரைக்கு மூன்று. ஐந்துக்கு மூன்று.

ஐந்து முப்பத்தொன்றுக்கு இரண்டு.

அவன் திரையைத் தள்ளிக்கொண்டே போனான். மூன்றாவது வரவில்லை.